குளிர் ஊர்க்காரனும் குளிர்சாதனமும்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்)



என் ஊர் போளூர் என்றதும் விடுதியில் பலரும் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரைத்தான் நினைக்கிறார்கள். அது ரயில் நிற்கிற ஊர். எங்கள் போளூருக்கு ரயிலும் வராது, வெயிலும் சீக்கிரம் வராது! கொடைக்கானலில் இறங்கி, பூம்பாறை தாண்டி உள்ளே போக வேண்டிய மேல்மலைக் கிராமம் அது. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் இவைதான் எங்கள் சொத்து. மார்கழியில் விடிகாலை புல்லின் மேல் உறைபனி வெள்ளைத் துணி விரித்த மாதிரி கிடக்கும். கம்பளியும் குல்லாவும் இல்லாத வீடு கிடையாது.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த நான் மூன்றாம் ஆண்டில் அதிக ஆசையோடு படித்த பாடம் எது தெரியுமா? கார் ஏ.சி.! ஊரில் இதைச் சொன்னால் சிரிக்காத ஆள் இல்லை. "ஏப்பா, இங்க இருக்கிற குளிரு பத்தாதா? குளிர வைக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. என் அப்பா அடுத்தவர் பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகிறவர். கைநாட்டு வைக்கிறவர். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அந்தத் தோட்டுக்குப் பதிலாக இவன் எதைக் கற்றுக்கொண்டு வருகிறான் என்று ஊர் கேட்கத்தானே செய்யும்? அதற்கு என்னால் முடிந்த பதிலை இந்த மலரில் எழுதுகிறேன்.

பருப்பு வேகாத ஊரில் கிடைத்த பாடம்

குளிர்சாதனப் பாடத்தின் முதல் வகுப்பில் ஐயா ஒரு கேள்வி கேட்டார். "தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" வகுப்பே ஒரே குரலில் "நூறு" என்றது. நான் மட்டும், "எங்க ஊர்ல நூறு ஆகாது சார். தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும், ஆனா குக்கர் இல்லாம பருப்பு வேகவே வேகாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. கரும்பலகையில் கணக்குப் போட்டார். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். அதனால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். "அழுத்தம் குறைஞ்சா கொதிநிலை குறையும். ஏ.சி.யில பாதிப் பாடம் இதுதான். மீதிப் பாதி, அழுத்தம் கூடினா கொதிநிலை கூடும்கிறது. அதுதான் உங்க வீட்டுக் குக்கர்" என்றார்.

அன்று என் அம்மாவின் அடுப்படியே எனக்கு ஆய்வுக்கூடமாகிவிட்டது! காருக்குள் இருக்கும் ஆர்-134ஏ என்ற வாயு, திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். கம்ப்ரஸர் அதை இழுத்து அழுத்திச் சூடான வாயுவாகத் தள்ளுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்ஸரில் அது சூட்டை வெளிக்காற்றுக்கு விட்டுவிட்டுத் திரவமாகிறது. ட்ரையரில் ஈரம் நீங்கி, எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துவாரம் வழியாகப் பீறிடும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் அது கொதித்து ஆவியாகிறது. கொதிக்க வேண்டிய சூட்டை எங்கிருந்து எடுக்கும்? காருக்குள் இருக்கும் காற்றிலிருந்துதான். சூட்டைப் பறிகொடுத்த காற்றைத்தான் ப்ளோயர் நம் முகத்தில் வீசுகிறது. ஆக, ஏ.சி. என்பது குளிரை உண்டாக்கும் மிஷின் அல்ல. உள்ளே உள்ள சூட்டைத் தூக்கி வெளியே போடும் சுமைகூலிக்காரன். இதைப் புரிந்துகொண்டால் பழுது பார்ப்பது பாதி முடிந்தது.

கண்ணு, காது, கை, அப்புறம்தான் கேஜ்

தொழிற்பயிற்சிக்காகத் திண்டுக்கல்லில் ஒரு ஒர்க் ஷாப்பில் சேர்ந்தேன். அங்கிருந்த மேஸ்திரி எட்டாம் வகுப்புப் படித்தவர். இருபத்தைந்து வருஷமாக ஏ.சி. வேலை பார்க்கிறவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, வண்டி வந்ததும் கேஜ மாட்டாதே. முதல்ல கண்ணு, அடுத்து காது, அதுக்கப்புறம் கை, கடைசியாத்தான் கேஜ்." திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியனுக்குச் சொன்னதும் இதுதானே? நோய் எது, அது எதனால் வந்தது, எப்படித் தணியும் என்று வரிசையாகப் பார்க்கச் சொன்னார். மேஸ்திரி திருக்குறள் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதன்படி நடந்தார்.

அவரிடம் கற்றதையும் வகுப்பில் கற்றதையும் சேர்த்து நண்பர்களுக்குத் தருகிறேன்.

முதலில் வண்டிக்காரரிடம் கேட்க வேண்டியவை. காற்றே வரவில்லையா, அல்லது காற்று வந்து குளிர் இல்லையா? இரண்டும் வேறு வேறு நோய்! காற்றே குறைவாக வந்தால் வாயுவைக் குறை சொல்லக் கூடாது. கேபின் ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கலாம்; ப்ளோயர் மோட்டாரோ, அதன் ரெசிஸ்டரோ போயிருக்கலாம்; கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கலாம். ஃபில்டரை எடுத்துத் தட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். எங்கள் ஷாப்புக்கு "ஏ.சி. செத்துப் போச்சு" என்று வந்த ஒரு வண்டியின் ஃபில்டரில் எலி கூடு கட்டியிருந்தது!

காற்று நன்றாக வந்து குளிர் இல்லையென்றால் பானெட்டைத் திறந்து ஏ.சி.யைப் போடச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் முகப்பில் 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் சத்தம். சத்தம் வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச், கிளட்ச் காயில் என்று கரண்ட் வரும் வழியைத் தேட வேண்டும். வாயு ரொம்பக் குறைந்தாலும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓட விடாது. அது கம்ப்ரஸரைக் காப்பாற்றத்தான். ஆயில் வாயுவோடு சேர்ந்தே சுற்றுகிறது. வாயு இல்லாவிட்டால் ஆயிலும் வராது, கம்ப்ரஸர் பிடித்துக்கொள்ளும். சிலர் ஸ்விட்ச்சை வயரால் நேராக இணைத்து ஓட்டுகிறார்கள். அது காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குகிற மாதிரி.

'டக்' என்று பிடித்ததும் 'கீச்' என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். அடுத்து கையால் தொட்டுப் பார்க்கலாம். கூலிங் காயிலிலிருந்து திரும்பி வரும் பருத்த குழாய் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். கண்டன்ஸருக்குப் போகும் குழாய் சுடும். பட்டென்று பிடிக்காதீர்கள், கொப்புளம் போட்டுவிடும். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய மண்ணும் தெரிந்தால் அங்கேதான் கசிவு. வாயு கண்ணுக்குத் தெரியாது. அதோடு வெளியேறும் ஆயில் காட்டிக் கொடுத்துவிடும்!

கடைசியாகத்தான் கேஜ். நீல முள் குறைந்த அழுத்தம், சிவப்பு முள் கூடிய அழுத்தம். ஓடும் வண்டியில் நீலம் 25 முதல் 40 பி.எஸ்.ஐ., சிவப்பு 150 முதல் 250 என்று ஏறக்குறைய இருக்கும். வெயிலைப் பொறுத்துக் கூடும், குறையும். இரண்டுமே தாழ்ந்திருந்தால் வாயு குறைவு. அதாவது எங்கோ கசிவு. இரண்டுமே ஏறியிருந்தால் கண்டன்ஸர் சூட்டை வெளியே தள்ளவில்லை, அல்லது வாயு அளவுக்கு மேல் போய்விட்டது. நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் நெருங்கி வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. நீலம் மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே போனால் வழியில் அடைப்பு. சிறிது நேரம் குளிர்ந்து, நின்று, மறுபடி குளிர்ந்தால் உள்ளே ஈரம் புகுந்து வால்வின் துவாரத்தில் ஐஸாக உறைகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டு முள்ளும் சரியாக இருந்தும் குளிர் வரவில்லையா? ஹீட்டர் பக்கத்துக் கதவு சரியாக மூடவில்லை என்று பொருள். ஒரு பக்கம் குளிர்ந்த காற்று, மறுபக்கம் இன்ஜின் சூடு. இரண்டும் கலந்து வந்தால் எப்படிக் குளிரும்?

மூன்றாவது தடவையாக வந்த அண்ணன்

இனி நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சித்திரை மாசம். எங்கள் மேல்மலையைச் சேர்ந்த ஒரு அண்ணன் வாடகைக் காரோடு ஷாப்புக்கு வந்தார். பழைய கார்தான், கடன் வாங்கி எடுத்தது, மாசா மாசம் டியூ கட்ட வேண்டும். மதுரை, பழனி, கொடைக்கானல் என்று ஓட்டுகிறவர். சீஸன் இரண்டு மாசம் ஓடினால்தான் வருஷம் முழுக்க டியூ கட்ட முடியும்.

"தம்பி, நாலு மாசத்துல ரெண்டு தடவ கேஸ் போட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டாயிரத்துக்குக் குறையல. முந்தாநாள் மதுரை சிக்னல்ல நிக்கையில அனலா வந்துச்சு. குழந்த அழுவுதுன்னு பார்ட்டி பாதியிலயே இறங்கி வேற வண்டி புடிச்சுப் போயிட்டாங்க. வெறும் வண்டியா மலை ஏறினேன்" என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. மூன்றாவது தடவையும் கேஸ் போடத்தான் பணம் கொண்டு வந்திருந்தார். அது வீட்டிலிருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை விற்ற பணம்.

எனக்கு என் அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்குப் பின்னால் எத்தனை நாள் வேலை என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, ஓடுறப்ப குளிருதா, நிக்கிறப்ப குளிருதா?" என்று கேட்டேன். "ஓடுறப்ப நல்லாத்தான் குளிருது. நின்னாத்தான் போச்சு" என்றார். மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப நீயே பாரு" என்று ஒதுங்கி நின்றார்.

பானெட்டைத் திறந்து ஏ.சி. போட்டேன். 'டக்' என்று கிளட்ச் பிடித்தது. ஆனால் கண்டன்ஸருக்கென்று தனியாக உள்ள ஃபேன் அசையவே இல்லை. கேஜ் மாட்டினேன். இரண்டு முள்ளும் மேலே! சிவப்பு 300-ஐத் தாண்டி ஏறியது. பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்தியது. ஒரு குடம் தண்ணீரைக் கண்டன்ஸர் மேல் ஊற்றினேன். சிவப்பு முள் மளமளவென்று இறங்கியது. குழாய் சில்லென்று ஆனது. நோய் பிடிபட்டுவிட்டது. ஃபேன் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தேன். சுற்றவில்லை. ரிலேயில் குற்றமில்லை, மோட்டாரே போய்விட்டது.

அப்படியானால் கேஸ் போட்டபோதெல்லாம் குளிர்ந்தது எப்படி? இதைத்தான் நண்பர்கள் கவனிக்க வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ஃபேன் வேலையைச் செய்துவிடும். கேஸ் போட்டுவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினால் குளிரத்தான் செய்யும்! மறுநாள் சிக்னலில் நின்றால்தான் வண்டவாளம் தெரியும். அதோடு, குறையாத வாயுவின் மேல் இரண்டு தடவை கூடுதலாக ஏற்றியதால் அழுத்தம் இன்னும் கூடி, நோய் முற்றியிருந்தது. வயிறு மந்தமாய் இருக்கிறவனுக்கு விருந்து வைத்த கதை! அந்தக் கடை எது என்று நான் எழுதப்போவதில்லை. தெரியாமல் செய்திருக்கலாம். ஆனால் தெரியாத கைக்கும் கூலி கொடுத்தது அந்த அண்ணன்தான்.

மோட்டாரை மாற்றினோம். உள்ளே இருந்த வாயுவை மிஷினில் திரும்ப எடுத்து, அரை மணி நேரம் வாக்குவம் போட்டு, பானெட்டுக்குள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் போட்டிருந்த எடையை நிறுத்து ஏற்றினோம். வண்டி நின்ற இடத்திலேயே வெப்பமானி 8 டிகிரி காட்டியது. மேஸ்திரி கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அண்ணன் மீதிப் பணத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, அதன் மேல் கையை வைத்துத் தட்டிக்கொண்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டால் ஒரு குடும்பத்தின் உருளைக்கிழங்கு மூட்டை தப்பும் என்றால், இந்தப் படிப்பு வீண் போகாது அல்லவா?

வாக்குவம் பற்றி ஒரு செய்தி, மலைப்பக்கம் வேலை பார்க்கப் போகிறவர்களுக்காக. சமவெளியில் வாக்குவம் போட்டால் முள் 30 அங்குலத்தை ஒட்டிப் போகும். கொடைக்கானலில் எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் 23 அங்குலத்தை ஒட்டித்தான் நிற்கும். பம்பில் பழுது இல்லை; அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான். இது தெரியாதவர் நல்ல பம்பைக் கழற்றிப் போட்டுவிடுவார்!

குளிர் ஊரில் ஏ.சி. எதற்கு?

டீக்கடைக் கேள்விக்கு இப்போது வருகிறேன். அதற்கு விடை ஐப்பசி மழையில் கிடைத்தது. பயிற்சி முடிந்து விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒரு ராத்திரி அப்பத்தாவுக்கு மூச்சுத் திணறல். மழையும் மேகமூட்டமும் சேர்ந்து எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை. கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அதே அண்ணன்தான் வண்டி எடுத்தார். உள்ளே அப்பா, அம்மா, அப்பத்தா, நான், அண்ணன் ஆக ஐந்து பேர். ஐந்து பேரின் மூச்சும் நனைந்த கம்பளியின் ஈரமும் சேர்ந்து, இரண்டு வளைவு தாண்டுவதற்குள் முன் கண்ணாடி பால் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் துணியுமாகத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். துடைத்த இடம் உடனே மறுபடி மூடியது. ஒரு பக்கம் பள்ளம். அம்மா சாமி பெயரை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, ஏ.சி.யப் போடுங்க" என்றேன். "இந்தக் குளிருலயா? கெழவிக்கு இழுப்பு கூடிரும்டா!" என்றார். "போட்டுட்டு, சூட்டுப் பக்கம் முழுசாத் திருப்புங்க. காத்தக் கண்ணாடிக்கு விடுங்க. வெளிக்காத்து பட்டன அமுக்குங்க" என்றேன். செய்தார். அரை நிமிஷம் போயிருக்காது. கண்ணாடியின் அடியிலிருந்து மேலே மேலே தெளிந்துகொண்டே வந்தது. சாலையின் வெள்ளைக் கோடு தெரிந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. என் தோளில் கை வைத்தார், ஆஸ்பத்திரி வரும் வரை எடுக்கவில்லை.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. கூலிங் காயிலின் குளிர்ந்த தகடுகளில் படும்போது காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படிந்து, வண்டிக்கு அடியில் சொட்டி வெளியேறிவிடும். ஈரம் நீங்கிய காற்று அடுத்து ஹீட்டர் வழியாகப் போய்ச் சூடாகிறது. சூடான உலர்ந்த காற்று கண்ணாடியில் பட்டால் அதன் மேலுள்ள பனிப் படலத்தை உறிஞ்சிவிடும். ஆகவே மலை ஊரில் ஏ.சி. குளிருக்கு அல்ல, கண்ணுக்கு! ஆறு மாசத்துக்கு முன்னால் அந்த ஃபேனை மாற்றாமல் கேஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போயிருந்தால், கூடிய அழுத்தம் கம்ப்ரஸரையே தின்றிருக்கும். அந்த ராத்திரி ஏ.சி. பட்டனை அமுக்கியும் பயன் இருந்திருக்காது. அப்பத்தா நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாக வீடு திரும்பியது.

வாயுவை வானத்தில் விடலாமா?

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல இடங்களில் பழைய வாயுவை 'புஸ்' என்று வெளியே திறந்துவிடுகிறார்கள். அது சரியல்ல. ஒரு காலத்தில் கார்களில் இருந்தது ஆர்-12. அதிலுள்ள குளோரின் மேலே போய் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதினார்கள். 1985-இல் அண்டார்ட்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்து கிடப்பது தெரிய வந்தது. 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம்; 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. அந்த இருவருக்கும் 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் கொடைக்கானலிலும் ஓசோனை அளக்கும் டாப்சன் கருவி இயங்கி வந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி மாளாது. எங்கள் மலைக்கும் இந்தப் பாடத்துக்கும் இப்படியும் ஒரு சொந்தம்!

ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல சுமார் 1,430 மடங்கு வலிமை உள்ளது. ஒரு காரில் அரை கிலோ இருந்தால், அதை வெளியே விடுவது சுமார் 700 கிலோ கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். கிட்டத்தட்ட 300 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு! அதனால்தான் 2016-இல் கிகாலியில் உலக நாடுகள் இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. 2021-இல் இந்தியாவும் அதை ஏற்றது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் போடுவது வண்டிக்காரர் பணத்துக்கும் கேடு, வானத்துக்கும் கேடு. எங்கள் பூண்டுக்குப் பனியும் மழையும் காலம் தவறாமல் வர வேண்டும். ஆகவே இது எனக்கு வீட்டுக் கவலையும்கூட.

தோழர்களுக்குச் சில வார்த்தைகள்

ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர் வண்டியோ, தெருக்காரர் வண்டியோ இருந்தால் செலவில்லாத சில வேலைகளைச் செய்து கொடுங்கள். கேபின் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கண்டன்ஸரில் ஒட்டிய பூச்சியையும் மண்ணையும் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கும். ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். காலடி மிதியடி நனைந்திருந்தால், தண்ணீர் வெளியேறும் சிறு குழாயின் அடைப்பை எடுங்கள். நாற்றம் வந்தாலும் காரணம் பெரும்பாலும் உள்ளே தேங்கும் ஈரம்தான். மழைக்காலத்திலும் வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஏ.சி.யை ஓட்டச் சொல்லுங்கள்; கம்ப்ரஸரின் சீலுக்கு ஆயில் கிடைக்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். சீஸனில் சவாரிக்கு வரும் டிரைவர்கள் குளிருக்குப் பயந்து, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டிக்குள்ளேயே தூங்கிவிடுகிறார்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, வண்டி மூடிய ஷெட்டில் நின்றாலோ, கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். இரண்டு கம்பளி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள்.

நமக்கு வேலை இருக்குமா என்று பயப்படும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டே நம் காய்கறியைச் சுமந்து போகும் டிரைவர்களுக்கும் குளிர்ந்த காற்று கிடைக்கப் போகிறது. அவ்வளவு லாரிகளுக்கும் பழுது பார்க்கக் கைகள் வேண்டும். அந்தக் கைகள் கேட்கத் தெரிந்த கைகளாக இருக்கட்டும்.

இறுதித் தேர்வு முடிந்ததும் இரண்டு வருஷம் திண்டுக்கல் மேஸ்திரியிடமே வேலை பார்ப்பதாக இருக்கிறேன். முதல் சம்பளத்தில் செய்ய வேண்டியது முடிவாகிவிட்டது. தோட்டின் அடகுச் சீட்டு என் பெட்டியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு கொடைக்கானலிலேயே ஒரு சின்னப் பட்டறை போட ஆசை. மேல்மலை வண்டிகள் ஒரு ஃபேனுக்காகத் திண்டுக்கல் வரை இறங்க வேண்டாம் பாருங்கள். நண்பர்கள் யாரேனும் அந்தப் பக்கம் வந்தால் அவசியம் வாருங்கள். பருப்பு வேகக் கொஞ்சம் நேரமாகும்; இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.